இரண்டாவது கையெழுத்து

ஜனவரி 6

அக்காவுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று தொடங்கினால் அது பொய்யாகத்தான் இருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மலையூர் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்குக் கீமோ மருந்து ஏற்றும் அறை ஒன்று தொடங்கலாம் என்று தலைமை அலுவலகம் உத்தரவு அனுப்பியிருக்கிறது. ஒரு நிபந்தனை. நகரத்துப் பெரிய மருத்துவமனையின் கீமோ வார்டுப் பொறுப்பாளர் எல்லாவற்றையும் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். பொறுப்பாளர் நீ. நான் கேட்டு வாங்கவில்லை. வேறு ஆளே கிடையாதா என்றுதான் கேட்டேன். இல்லையாம்.

போனில் பேசலாமே என்பாய். இங்கே பாதி வாக்கியத்தில் போன் செத்துவிடும். தவிர, உன் குரலைக் கேட்டால் நானே வைத்துவிடுவேன். படகில் தபால் போகிறது, மூன்று நாலு நாளில் கிடைக்கும்.

அவசரம் யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா. நாற்பத்தாறு வயது, மார்பில் கட்டி. அறுவைசிகிச்சை முடிந்து, சிவப்பு மருந்து நாலு தடவையும் உன் வார்டில்தான் ஏறியது. நீ ஊசி குத்தும்போது, "கோணலாப் போகுது, நேரா பிடிங்க" என்று உன்னையே அதட்டினாராம். உனக்கு மறந்திருக்காது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை, பன்னிரண்டு வாரத்துக்கு வேறு மருந்து. இரண்டு வாரம் வந்தார். ஏரியைக் கடக்க ஒரு படகு, பிறகு இரண்டு பஸ், போக மட்டும் பதினொரு மணி நேரம். மூன்றாவது வாரம் வந்தபோது ரத்தத்தில் வெள்ளணு குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அதோடு நிறுத்திவிட்டார். போன வாரம் கடைக்குப் போய்க் கேட்டேன். மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "போக ஒரு நாளு, வர ஒரு நாளு. இன்னைக்கு இல்ல, அடுத்த வாரம் வான்னு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாங்க. போதும் சிஸ்டர். எனக்குத் தைக்கத் துணி இருக்கு."

பழைய எக்ஸ்ரே அறையைக் காலி செய்துவிட்டோம். நாற்காலி வந்துவிட்டது. இந்த மாதமே தொடங்க வேண்டும். என்ன தேவை என்று எழுது.

தங்கை

ஜனவரி 11

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாற்காலி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நல்லது. நாற்காலி மருந்து கொடுக்காது.

சிவப்பு மருந்து அங்கே கிடையாது, இப்போதைக்கு என்றுமே கிடையாது. அது நரம்பை விட்டு ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் கை புண்ணாகிப் போகும். வாரமருந்து மட்டும்தான். அதையும் நீங்கள் கலக்கக் கூடாது. இங்கே மருந்தகத்தில் கலந்து, பையில் அடைத்து, குளிர்பெட்டியில் அனுப்புவோம். புதன் மாலை ஐந்துக்குக் கலந்தால் வியாழன் மாலை ஆறுக்குள் ஏறி முடிய வேண்டும். ஆறு ஐந்து என்றால் குப்பை.

அந்த மருந்து முதல் பத்து நிமிடத்தில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முகம் சிவக்கும், மூச்சு முட்டும். டாக்டர் அதே கட்டிடத்தில் இருக்க வேண்டும். பக்கத்து டீக்கடையில் அல்ல. மாற்று மருந்துகள் தட்டில் தயாராக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் வேண்டாம். உங்கள் மருந்து ஃபிரிட்ஜில் யாராவது பால் வைக்கிறார்களா? வைப்பார்கள். நிறுத்து. எடை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், நோயாளி சொல்வதை எழுதக் கூடாது. ரத்தம் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மருந்து சிந்தினால் துடைப்பது எப்படி என்று துப்புரவு செய்கிறவர் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு பையையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஆளும் பெயரும் மருந்தும் அளவும் இரண்டு பேர் கண்ணாலும் பார்த்து, நோயாளி பக்கத்தில் நின்றே, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இதெல்லாம் ஆகாமல் தேதி தர மாட்டேன். இந்த மாதம் என்பது உன் ஆசை.

பழைய விஷயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

தையல்காரம்மாவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோணலாகத்தான் போனது.

அக்கா

ஜனவரி 17

அக்காவுக்கு,

நீ கேட்டதில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இதை மூன்று தடவையாக எழுதுகிறேன், நடுநடுவே கூப்பிடுகிறார்கள். கையெழுத்து மாறினால் கோபித்துக்கொள்ளாதே.

எடைபார்க்கும் மெஷின் இரண்டு இருந்தது, இரண்டும் இரண்டு எடை காட்டியது. மளிகைக்கடைப் படிக்கல்லை வைத்துப் பார்த்து, பொய் சொன்னதைத் தூக்கிப் போட்டோம். ஃபிரிட்ஜில் பால் இல்லை. டாக்டரின் தயிர் இருந்தது. இனி இருக்காது.

சிந்தினால் துடைப்பதற்கு ஒத்திகை பார்த்தோம். சிவப்பு மை கலந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டாக்டர் அதிலேயே மிதித்து நடந்து வராந்தா வரை போய்விட்டார். துப்புரவுக்காரர்தான் கத்தினார்: "டாக்டர், அங்கயே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வச்சீங்க, இந்த வராந்தா பூராவும் நீங்கதான் தொடைக்கணும்." டாக்டர் ஒற்றைக் காலில் நின்றார், பாவம். பஞ்சுத் துணியை ஓரத்திலிருந்து உள்ளே ஒற்றி எடுக்க வேண்டும் என்று ஒரே தடவை காட்டினேன். துப்புரவுக்காரருக்கு இரண்டாம் தடவை தேவைப்படவில்லை.

இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார். பிரசவ வார்டு சிஸ்டர், வயது ஐம்பத்தெட்டு. எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒட்டியிருக்கும் சீட்டு எதுவானாலும் எழுத்து எழுத்தாக ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார். ஒரு பையைப் பார்க்கப் பத்து நிமிடம். எனக்குத் தலை வெடிக்கிறது. ஆனால் வேறு ஆள் இல்லை.

இனி என்ன வேண்டும் உனக்கு? தையல்காரம்மா மருந்தை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நீ கேட்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாரம் போகிறது, அந்த வாரம் அவருடைய வாரம். உனக்கு அது தாளில் ஒரு வரி.

பழைய விஷயத்தை எழுதப் போவதில்லையாம். நீ எழுதியதுதானே எல்லாவற்றையும் கெடுத்தது. வார்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் பையை இன்னொருத்திக்கு மாட்டினேன். நாலே நிமிடத்தில் நானே கண்டுபிடித்து நிறுத்தினேன், நானே வந்து உன்னிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ அறிக்கை எழுதினாய். எழுத வேண்டியதுதான், அதை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஒரு பக்கம் முழுக்க என் பெயர். மறுநாள் என்னை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா" என்று கேட்டாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

தேதி கொடு.

தங்கை

ஜனவரி 22

சின்னவளே,

நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். வார்டில் எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள், அதற்குள் இதை முடித்து உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதையும் கிழிப்பேன்.

அன்று வார்டில் பதினான்கு பேருக்கு மருந்து. நீயும் நானும்தான் இருந்தோம். ஒவ்வொரு பைக்கும் பக்கத்தில் வந்து நின்று பார்க்க எனக்கு நேரமில்லை. அதனால் காலையிலேயே பதினான்கு சரிபார்ப்புத் தாளிலும் இரண்டாவது ஆள் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். பையையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. நீ மாட்டுவதற்கு முன்பே நான் சரி என்று சொல்லியாகிவிட்டது. நான் வந்து நின்றிருந்தால் அந்த நாலு நிமிடம் நடந்திருக்காது.

அறிக்கையில் நான் அதை எழுதவில்லை. எழுத நினைத்தேன் என்று சொன்னால் நீ நம்ப வேண்டாம். அந்தத் தாளைக் கோப்பில் வைத்துக் கட்டியதும் நான்தான். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சோறு வைக்கட்டுமா என்று கேட்டபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதுதான் வந்தது.

உன்னிடம் இத்தனை கேட்கிறேனே, ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். தாளில் ஒரு வரி என்று நான் நினைக்கவில்லை. என் பெயர் போட்ட தாளை நம்பித்தான் நீ அந்தப் பையைக் கையில் எடுத்தாய்.

பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு வாசிக்கிற அந்த அம்மாவை அவசரப்படுத்தாதே.

அக்கா

ஜனவரி 27

அக்கா,

எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெரியும். அந்தத் தாள் என் கையில்தானே இருந்தது. எனக்கு முன்னால் நீ போட்ட கையெழுத்து, மை காய்ந்து கிடந்தது. விசாரித்தவர் என்னைக் கேட்டார்: "ரெண்டாவதா பாத்தது யாரும்மா?" நான் சொன்னேன்: "யாரும் இல்ல சார். நான் தனியாத்தான் மாட்டினேன்." அவர் எழுதிக்கொண்டார். உன்னையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுநாள் அந்தப் பதினான்கு பேருக்கு யார் இருக்கிறார்கள்? தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதே. அந்த நிமிடத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

ஆனால் வீட்டுக்கு வந்து நீ சொல்வாய் என்று இருந்தேன். அடுத்த நாள், அடுத்த வாரம் என்று பார்த்தேன். நீ சொல்லவில்லை. இங்கே மாற்றல் வாங்கி, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு படகு ஏறிவிட்டேன். அம்மாவிடம் மலைக்காற்று பிடிக்கும் என்று சொன்னேன். இங்கே காற்று அப்படியொன்றும் பிரமாதமில்லை.

உன் கடிதத்தை மருந்து அலமாரி பக்கத்தில் நின்றே படித்தேன். கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. மூன்று வருடமாக ஒரு பக்கமாகவே படுத்து, திடீரென்று திரும்பிப் படுத்தால் உடம்பு மரத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறது.

மிச்சமும் முடிந்துவிட்டது, பட்டியல் இதோடு இருக்கிறது. இப்போதைக்குத் தேதிதான் வேண்டும். நேற்றிலிருந்து தையல்காரம்மாவுக்குக் கையைத் தூக்கினால் வலிக்கிறதாம். சும்மா தையல் வலி என்கிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

த.

ஜனவரி 31

வாலு,

அப்படி எழுதி மூன்று வருடமாகிறது. பிடிக்காவிட்டால் அடித்துவிடு.

வலியைப் பற்றி இங்கே டாக்டரிடம் கேட்டேன். அறுவைசிகிச்சைத் தழும்பு இழுக்கும், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் மருந்தை இதற்கு மேல் தள்ளவும் கூடாது என்றார். நீ அனுப்பிய பட்டியலை வரிவரியாகப் பார்த்துவிட்டேன். ஒப்புதல் கடிதம் இதோடு இருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழக்கிழமை. புதன் மாலை கலக்கச் சொல்கிறேன். நோயாளியின் விவரச் சீட்டு பையிலும் பெட்டியிலும் இருக்கும். படகுக்காரரிடம் நீயே பேசிவை, பெட்டியை என்ஜின் பக்கத்தில் வைக்கக் கூடாது.

நீ எனக்காக விசாரணையில் சொன்ன பொய்க்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதுவதற்குப் பதிலாக ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 6

அக்கா,

நேற்று மருந்து ஏறவில்லை.

பெட்டி ஒரு மணிக்கு வந்துவிட்டது, குளிர் சரியாக இருந்தது. தையல்காரம்மா பன்னிரண்டுக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெத்தை உறையின் தையல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எடை பார்த்தாயிற்று. டாக்டர் கட்டிடத்திலேயே இருந்தார், வெளியே போகாமலிருக்க அவருடைய செருப்பைத் துப்புரவுக்காரர் எடுத்து வைத்துவிட்டார்.

காலையில் ரத்தம் பார்க்கிற மெஷின் நின்றுவிட்டது. லேப்காரர் மதியம் வரை திறந்து மூடி, தட்டி, கும்பிட்டுப் பார்த்தார். எழும்பவில்லை. கையில் இருந்தது போன வெள்ளிக்கிழமை எடுத்த தாள். அதில் எல்லாம் நன்றாக இருந்தது. புது ரத்தத்தை அக்கரையில் இருக்கும் லேபுக்கு அனுப்பி, முடிவு வாங்கி வர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பைக்கு ஆறு மணி வரைதான் ஆயுள்.

நான் என்ன நினைத்தேன் என்று உனக்கு ஒளிக்கப் போவதில்லை. ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆறு நாளில் என்ன மாறிவிடும்? ஏழு வாரமாக அவர் மருந்தே எடுக்கவில்லை, வெள்ளணு எப்படிக் குறையும்? எல்லாம் சரியான கணக்குதான். பையை எடுத்து மாட்டினேன், குழாயைக் கூட நிரப்பிவிட்டேன்.

மைக்கம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடங்கினார். பெயர் வாசித்தார். மருந்து வாசித்தார். அளவு வாசித்தார். ரத்தத் தாளுக்கு வந்ததும் தேதியை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

"இது போன வாரத்து தேதி."

"தெரியும் சிஸ்டர். மெஷின் கெட்டுப் போச்சு. போடுங்க, டைம் ஆகுது."

"உங்க அக்கா எழுதின தாள்ல நாற்பத்தெட்டு மணி நேரம்னு இருக்கு. நான்தானே சத்தமா வாசிச்சேன், நீங்களும் கேட்டீங்க."

"அக்கா இங்க இல்ல. நான் சொல்றேன், போடுங்க."

"நீங்க மாட்டுங்க. உங்க கை, உங்க இஷ்டம். நான் பாத்தேன்னு எழுத மாட்டேன். நான் பாக்கல."

அக்கா, எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. முப்பது வருடம் பிரசவம் பார்த்தவர், கீமோ பற்றி என்னைவிட அவருக்கு என்ன தெரியும்? தையல்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்து பையைக் கழற்றினேன். மருந்துக் கழிவு போடும் மஞ்சள் வாளியில் போட்டேன். அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ரத்தத்தை அக்கரைக்கு அனுப்பினோம். முடிவு இன்று காலை வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. வெள்ளணு தாராளமாக இருக்கிறது. ஏற்றியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது.

அதைச் சொல்லத் தையல்கடைக்குப் போனேன். இவர் இனி வர மாட்டார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். வாயில் ஊசியை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ எப்ப வரணும்?"

"அடுத்த வியாழக்கிழமை. கோபம் இல்லையா?"

"நேத்து வீட்டுக்குப் போயி ரெண்டு சட்டை முடிச்சேன். இங்க இருக்கிற ஆஸ்பத்திரி. அடுத்த வாரம்னா அடுத்த வாரம். அந்தக் கண்ணாடிக்காரம்மா சத்தம் மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

த.

பிப்ரவரி 9

வாலு,

தவறு என்னுடையது. ரத்த முடிவு கைக்கு வராமல் மருந்தைக் கலக்கச் சொன்னது நான். இனி வியாழன் மருந்துக்குப் புதன் காலையிலேயே ரத்தம் எடு. மெஷின் நின்றால் முதல் படகில் அக்கரைக்கு அனுப்பு. அங்கிருந்து எனக்குப் போன் வந்த பிறகே கலப்போம். வராவிட்டால் கலக்க மாட்டோம், ஒரு பையும் வீணாகாது. இதை விதித்தாளில் சேர்த்துவிட்டேன். உங்கள் மைக்கம்மாவைச் சத்தமாக வாசிக்கச் சொல்.

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். பழைய கோப்பைக் கேட்டு வாங்கினேன். அந்தத் தாள் அப்படியே இருந்தது. அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதினான்கு கையெழுத்தையும் பற்றி. அவர் படித்துவிட்டு, "இப்ப எதுக்கு இதெல்லாம்? முடிஞ்சு போன கதை" என்றார். முடியவில்லை என்றேன்.

விசாரணை முடியும்வரை நோயாளிகளுக்கு மருந்து ஏற்ற எனக்கு அனுமதி இல்லை. உன் பைகளைப் பார்த்து அனுப்பும் வேலை மட்டும் வைத்திருக்கிறார்கள். வார்டுக்குள் போனால் கை எதையாவது தேடுகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

17ஆம் தேதி விசாரணை. உன்னையும் கூப்பிடுவார்கள். நீ அன்று சொன்னது பொய் என்று நான் எழுதவில்லை. அது நீ சொல்ல வேண்டியது, அல்லது சொல்லாமல் விட வேண்டியது.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் மட்டுமில்லை, உன்னிடமும் கோபம்.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

நேற்று இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஏறத் தொடங்கியது. மைக்கம்மா பன்னிரண்டு நிமிடம் வாசித்தார். நான் பக்கத்தில் நின்று, கூடவே வரிவரியாகப் பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார், பிறகு நானும் போட்டேன்.

முதல் பத்து நிமிடம் டாக்டரும் நானும் தையல்காரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது நிமிடத்தில், "மூஞ்சி சூடா இருக்கு" என்றார். என் கை குழாயை அடைத்துவிட்டது. டாக்டர் பார்த்தார். மூச்சு சரி, நாடித்துடிப்பு சரி, தோலில் ஒன்றுமில்லை. "ரெண்டு பேரும் இப்படி மூஞ்சிக்கு நேரா மூச்சு விட்டா சூடாகாதா?" என்றார் அந்த அம்மா. கால்மணி நேரம் பொறுத்து, மெதுவாகத் திறந்தோம். முடிந்தபோது நாலு மணி ஆகவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப வேண்டியிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, வெயில் இருக்கும்போதே நடந்து வீட்டுக்குப் போனார். இன்று காலையில் போய்ப் பார்த்தேன். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. கால்விரல்கள் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறதாம், குறித்து வைத்திருக்கிறேன். இது ஒரு தடவை. இன்னும் ஒன்பது இருக்கிறது. கட்டி திரும்பி வராது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மரக்கடைக்காரர் ஒருவர் இன்று வந்து வாசலில் நிற்கிறார். குடலில் புற்றுநோய், பாதியில் விட்டவர். "இங்கயே குடுக்கறாங்களாமே" என்கிறார். அவருடைய மருந்து இங்கே கொடுக்கக் கூடியதுதானா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். சீட்டின் நகல் வைத்திருக்கிறேன்.

விசாரணைக்கு வருகிறேன். தனியாக மாட்டினேன் என்று சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். உன்னைக் காப்பாற்றவோ மாட்டிவிடவோ இல்லை. அந்த வார்டில் இன்றைக்கும் யாராவது காலையிலேயே தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேருக்குப் பதினான்கு பேர் என்றால் போடத்தான் செய்வார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உனக்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலைப் படகில் கிளம்புகிறேன், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மா கதவைத் திறக்காவிட்டால் நீ திற. செவ்வாய் விசாரணை எவ்வளவு நீண்டாலும் புதன் விடியற்காலைப் பஸ்ஸை நான் பிடித்தாக வேண்டும். அன்று காலை ரத்தம் எடுப்பதை மைக்கம்மா பார்த்துக்கொள்வார். வியாழன் ஒரு மணிக்குப் பெட்டி வரும், நான் இங்கே இருக்க வேண்டும்.

வாலு